மயிலாருக்கு அம்மாள் வந்த கதை

நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துத் தேடியது கிடைத்துவிட்டால் உடனே கதிரையை விட்டு எழும்பி ஓடாதீர்கள். இருந்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பவும் பாருங்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் முன்பு ஒருவர் தாரா வாத்தின் ஈரலில் வைரசுப் பொதியைக் கண்டுவிட்டேன் என்று எல்லோரையும் கூப்பிட்டு வடையும் வாங்கித் தந்தார். பிறகு பார்த்தால் அது சாயத்தைச் சரியாக வடிக்காததால் படிந்த தூள். நாங்கள் வடையை ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டோம்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் மிருக வைத்தியப் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். பென்சன் எடுத்தவளிடம் இப்படிக் கேட்பது எவ்வளவு ஆபத்தானது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லைப் போலிருக்கிறது. பறவை வைரசுகள் உயிர்க்கலத்துக்குள் பொதி கட்டுவதைப் பற்றி எழுதப்போகிறேன். அது புத்தகத்தில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அந்தப் பொதியைக் கண்ட பிறகு ஊராரிடம் என்ன சொல்லுவது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

முதலில், இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காகச் சில வார்த்தைகள். வைரசுக்குச் சொந்தமாகக் குசினி கிடையாது. பறவையின் கலத்துக்குள் புகுந்து, வீட்டுக்காரருடைய அடுப்பில், வீட்டுக்காரருடைய விறகில், தன்னைப்போலவே பல பேரைச் சமைத்து எடுக்கும். சமையல் நடக்கிற இடத்தில் சாமான்கள் குவியும் அல்லவா? சாயம் போட்டுப் பார்த்தால் அந்தக் குவியல்தான் பொதியாகத் தெரியும். சில வைரசுகள் நேரே கலத்தின் கருவுக்குள் போய்விடும். கோழியின் ஈரலைக் கெடுக்கிற வைரசு ஒன்று அப்படி, தொண்டையை அடைக்கிற வைரசு ஒன்று அப்படி. கோழி அம்மை வைரசு வேறு சாதி. தனக்கு வேண்டிய சாமான்களில் பெரும்பகுதியைக் கையோடு கொண்டுவந்து, கருவுக்குள் போகாமல் வெளியே, கருவைச் சுற்றியிருக்கிற குழியவுருவில் பந்தல் போட்டுச் சமைக்கும். ஆகவே பொதி கருவுக்குள்ளா வெளியேயா என்று பார்த்தாலே வந்திருப்பவர் ஆர் என்பது பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இனிக் கதைக்கு வருகிறேன். நான் பென்சன் எடுப்பதற்குக் கொஞ்சக் காலத்துக்கு முன்பு நடந்தது. பண்டத்தரிப்புப் பக்கத்தில் ஒரு முருகன் கோயில். பெயர் வேண்டாம், அவர்கள் இன்னமும் எனக்குத் திருவிழா நோட்டீஸ் அனுப்புகிறார்கள். அந்தக் கோயிலில் ஒரு மயில் இருந்தது. ஊரில் எல்லோரும் மரியாதையாக மயிலார் என்றுதான் சொல்லுவார்கள். கொடியேற்றம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் மயிலாருடைய முகத்தில் பருப்பருவாக வந்து, ஒரு கண்ணும் மூடிவிட்டது.

ஊர் உடனே நோயைத் தீர்மானித்துவிட்டது. முகத்தில் பரு, உடம்பில் சோர்வு, சாப்பாடு இல்லை, அப்படியென்றால் அம்மாள் வருத்தம், அதாவது அம்மை. மனிசருக்கு அம்மாள் வந்தால் என்ன செய்வார்களோ அவ்வளவையும் மயிலாருக்கும் செய்தார்கள். கூட்டில் வேப்பிலை கட்டினார்கள், வெள்ளை விரித்தார்கள், முகத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடிப்பாக அப்பினார்கள். முருகனின் வாகனத்தில் முருகனின் தாயாரே வந்து குடியிருக்கிறா என்று சிலர் உருகிப்போய் நின்றார்கள். மருந்து கட்டுவது என்ற கதையே அங்கே எடுபடாது. அம்மாளுக்கு மருந்து செய்யக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும்.

அதோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு வேலையும் வந்திராது. ஆரோ ஒரு பெடியன் மயிலாரைப் படம் எடுத்து, கோயில் மயிலுக்குப் பறவைக் காய்ச்சல் என்று முகநூலில் போட்டுவிட்டான். காலையில் போட்டான். பத்து மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. மேலதிகாரி கதைத்தார். பின்னேரம் மாவட்டக் கூட்டம் இருக்கிறது, அதற்கிடையில் ஒரு பதில் வேண்டும், காய்ச்சல் என்ற சந்தேகம் நீங்காவிட்டால் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பறவைகள் எல்லாவற்றையும் அழிப்பதற்கு ஆயத்தம் செய்ய வேண்டும் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

போய் இறங்கினேன். கோயில் மனேச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பென்சன் எடுத்த தபாலதிபர், எல்லாவற்றையும் உரிய விலாசத்துக்கு அனுப்பிப் பழகியவர். இந்த வருத்தத்தின் விலாசத்தையும் அவர் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தார். கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் தவமணி என்ற பெண் முட்டைக் கோழி வளர்க்கிறாள், அந்தக் கோழிகளிலிருந்துதான் வந்தது, கொடியேறுவதற்கு முன்பு கோழிகளை அங்கிருந்து எடுப்பிக்க வேண்டும் என்றார்.

“நீங்கள் எழுதித் தாங்கோ டொக்டர். நாங்கள் சொன்னால் சண்டை. நீங்கள் சொன்னால் சட்டம்.”

மயிலாரைப் பார்த்த பிறகு கதைப்போம் என்றேன். அங்கேதான் வந்தது வினை. கூட்டுக்கு முன்னால் குருக்கள் நின்றார். மெலிந்த மனிசர், சிரிக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். அம்மாள் குடியிருக்கிற இடம், சுத்தபத்தமாக இல்லாமல் கிட்டப் போகக்கூடாது என்று விளக்கிவிட்டு, இன்றைக்கு மச்சம் சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்டார். காலையில் அவசரத்தில் வழியில் ஒரு மீன் பணிஸ் சாப்பிட்டிருந்தேன். கோயிலுக்குள் நின்று பொய் சொல்ல நாக்கு வரவில்லை. ஒரு பணிஸ்தான் என்றேன். பணிஸ் எத்தனை என்பது அவருக்கு முக்கியமாகப் படவில்லை.

ஆகவே மாவட்டத்தின் பறவை நோய்களுக்கெல்லாம் பொறுப்பான டொக்டர், கூட்டுக்குப் பத்தடி தள்ளி வெயிலில் நின்றேன். கத்தி வைத்துச் சுரண்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்று முடிவாயிற்று. கடைசியில் குருக்கள் மனம் இரங்கி, மயிலாரின் முகத்திலிருந்து தானாக விழுந்து கிடந்த காய்ந்த அயற்றுப் பொருக்கு ஒன்றைப் பொறுக்கி, வாழையிலைத் துண்டில் வைத்து, சந்தனம் தருகிற மாதிரி மேலிருந்து என் கையில் போட்டார். நானும் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்கினேன்.

அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாகனத்துக்குள் எப்போதும் ஒரு சின்ன நுணுக்குக்காட்டி கொண்டு திரிவேன். அங்கேயே தேய்த்துச் சாயம் போட்டுப் பார்த்தேன். மஞ்சள், வேப்பிலை, பிறகு இன்னும் கொஞ்சம் மஞ்சள். ஒரு நல்ல கலம்கூட இல்லை. காய்ந்த அயற்றில் உயிருள்ள கலத்தைத் தேடுவது கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த இடத்தில் மாப்பிள்ளையைத் தேடுகிற மாதிரி. இப்படிப்பட்ட சிலைட்டை வைத்து அம்மை இல்லை என்று எழுதினால் அது மகா பிழை. அப்படி எழுதுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். பொதி தெரிந்தால் அது கதைக்கும். தெரியாவிட்டால் நீங்கள் வாயை மூடிக்கொண்டு வேறு மாதிரி எடுக்க வேண்டும்.

வேறு மாதிரிக்கு எங்கே போவது? மதிலுக்கு அந்தப் பக்கம் போனேன்.

தவமணி என்னைக் கண்டதும் முகம் வெளிறிப்போனாள். கணவன் கடலில் போனவர் திரும்பவில்லை. அந்தக் கோழிகளை வைத்துத்தான் ஒரு மகளைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள். இதை அவள் சொல்லவில்லை, போகும் வழியில் எனக்குத் தேசிக்காய்த் தண்ணி தந்த கடைக்காரர் சொன்னார். கோழிக்கூட்டை எட்டிப் பார்த்தேன். மெத்தச் சுத்தம். கோழிகள் வடிவாக மேய்ந்துகொண்டிருந்தன, முகத்தில் ஒரு பரு இல்லை. மனேச்சர் சொன்னது முழுக்கப் பொய் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். அந்தச் சந்தோசத்தை இருந்து அனுபவிக்கத்தான் குசினி வாசலில் போட்ட கதிரையில் இருந்தேன்.

குசினிக்குள் ஆரோ இருமினார்கள்.

உடனே தவமணியும் இருமினாள். “எனக்குத்தான் டொக்டர், நாலைஞ்சு நாளாத் தடிமன்.”

பார்த்துக்கொள்ளுங்கோ என்றேன். தேத்தண்ணி வைக்கிறேன் என்று எழும்பினாள். குசினிக்குள் திரும்பவும் இருமல். இந்த முறை தவமணி என் முன்னாலேயே வாயை மூடிக்கொண்டு நின்றாள், இருமக் கொஞ்சம் பிந்திவிட்டாள். இருமல் வந்தது மூலையில் கவிழ்த்து வைத்த பனையோலைக் கடகத்துக்குள்ளிருந்து. கடகத்தின் மேல் ஒரு அம்மிக்குழவியும் வைத்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கடகத்தைப் பார்த்தோம். கடகம் மூன்றாம் முறையும் இருமியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பிள்ளைகளே, எங்கள் வேலையில் கஷ்டமான இடம் இதுதான். மிச்சமெல்லாம் சாயமும் கண்ணாடியும்தான். அம்மை சில பறவைகளுக்கு முகத்தில் வராமல் தொண்டையில் புண்ணாக வரும்; இப்படி இருமுகிற கோழியின் தொண்டையில் எனக்கு வேண்டிய புதுப் புண் இருக்க வேண்டும். அதைச் சுரண்டிப் பார்த்து அம்மைப் பொதி தெரிந்தால், இது காய்ச்சல் என்ற பீதி அடங்க வழி உண்டு. அவளுடைய கோழிகளும் ஊர்க் கோழிகளும் மயிலாரும் தப்பலாம். ஆனால் அதே சிலைட், அவளுடைய வளவிலும் வருத்தம் இருக்கிறது என்று மனேச்சருக்கு எழுத்தில் கொடுத்துவிடும். அவர் கேட்டுக்கொண்டிருந்த சட்டம் அவர் கைக்குப் போய்விடும்.

எனக்கு அதிகாரம் இருந்தது. கடகத்தைத் தூக்கிக் கோழியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. உள்ளதை உள்ளபடி இரண்டு பக்கமும் சொன்னேன். கோழியைத் தந்தால் என்ன நடக்கும், தராவிட்டால் பின்னேரக் கூட்டத்தில் என்ன முடிவு வரலாம், இரண்டும் சொன்னேன். கோயிலாரிடம் உன்னைக் காப்பாற்றுவேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அது என் கையில் இல்லை.

அவள் முன்றானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோழிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப ஒண்டைக் குடுத்தால் மற்றதுகள் தப்பும். அப்பிடித்தானே?”

“தப்பலாம். கட்டாயம் எண்டு நான் சொல்லேல்லை.”

அம்மிக்குழவியை அவளே தூக்கினாள். கோழியை எடுத்து என் கையில் தரும்போது, அதன் முதுகை ஒருதரம் தடவிவிட்டுத் தந்தாள். நான் அப்போது கோழி வைத்தியர் மாதிரி நிற்கவில்லை, செத்தவீட்டுக்குப் போனவள் மாதிரித்தான் நின்றேன்.

தொண்டைப் புண்ணைச் சுரண்டிச் சாயம் போட்டுப் பார்த்தேன். என்ன சொல்லட்டும்? வீங்கிப் பெருத்த கலங்கள், ஒவ்வொன்றிலும் கருவுக்கு வெளியே, குழியவுருவில், உருண்டு திரண்ட பொதி. சில பொதிகள் கருவையே ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, வீட்டுக்காரர் மாதிரி நடுவில் இருந்தன. ஒரு நோயாக இவ்வளவு அழகாக இருக்கக்கூடாது. நான் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். பொதி அங்கேயேதான் இருந்தது. ஒரு துண்டை முறைப்படி சீவிப் பார்க்க ஆய்வுகூடத்துக்கும் அனுப்பினேன். காய்ச்சல் பரிசோதனைக்குத் தொண்டையில் ஒற்றியெடுத்த மாதிரியையும் தெற்கே பெரிய ஆய்வுகூடத்துக்கு அன்றைக்கே அனுப்பிவைத்தேன்.

மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அம்மைதான், நான் கண்டேன் என்றேன். அப்படியென்றால் காய்ச்சல் இல்லை என்று எழுதலாமா என்று ஆவலாகக் கேட்டார். இதில்தான் நல்ல நல்ல ஆட்கள் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். ஒரு பறவைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வருத்தம் வரக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. அம்மைப் பொதி அம்மையைப் பற்றி மட்டும்தான் சாட்சி சொல்லும். நான் சொன்னது இதுதான்: பருவுக்கும் இருமலுக்கும் காரணம் தெரிந்துவிட்டது. காய்ச்சலென்றால் பறவைகள் குவியல் குவியலாகச் செத்திருக்கும், இங்கே ஒன்றும் சாகவில்லை. முடிவு வரும்வரை ஒரு பறவையும் அந்த இரண்டு வளவையும் விட்டு அசையாமல் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பொறுத்திருங்கள். முடிவு வர எத்தனை நாளாகும் என்று கேட்டார். பிறகு சரி என்றார். நான் சொன்னது பிழையாய்ப் போனால் என் பெயரும் அவர் பெயரும் சேர்ந்தே கெட்டிருக்கும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பின்னேரமே கோயில் மடத்தில் ஊர்க்கூட்டம் கூட்டிவிட்டார்கள். தவமணியும் ஒரு தூணோடு நின்றாள். கோழி அம்மை என்று நான் சொன்னதும் குருக்களுக்குப் பரம திருப்தி. தான் சொன்னதைத்தான் நுணுக்குக்காட்டியும் சொல்லியிருக்கிறது என்று எல்லோரையும் ஒருதரம் பார்த்தார். மனேச்சருக்கு அதைவிடத் திருப்தி.

“அப்ப டொக்டர், கோழியிலையிருந்துதானே மயிலுக்கு வந்தது? அதையும் ஒரு வரி எழுதுங்கோ.”

எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. மயிலாரின் அயறு நன்றாகக் காய்ந்து தானாக விழுந்தது, தவமணியின் கோழிக்குப் புண் வந்து அதிக நாளில்லை. ஆனால் சிலைட்டில் நான் கண்டது அம்மை வைரசின் பொதியை மட்டும்தான். அது மதிலின் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஏறிப் பாய்ந்தது என்று பொதியில் எழுதியிருக்கவில்லை. கண்டதை எழுதிக் கையெழுத்து வைப்பதுதான் என் உத்தியோகம். நினைத்ததை நான் என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். இந்த வைரசை நுளம்பு கடித்துக் காவித் திரியும், நுளம்புக்கு மதில் இல்லை, ஆரிடமிருந்து ஆருக்கு என்று நான் எழுதமாட்டேன் என்றேன்.

மனேச்சர் விடவில்லை. எப்படி வந்தாலும் வருத்தமுள்ள கோழிகள் கோயிலடியில் இருக்கக்கூடாது, நாளைக்கே அவற்றை எடுக்க வேண்டும் என்றார். சபையில் கனபேர் தலையாட்டினார்கள். அந்தக் கோழிகளை அங்கிருந்து எடுத்தால் வைக்கத் தவமணிக்கு வேறு இடம் இல்லை. எங்கே கொண்டுபோனாலும் நோயையும் சேர்த்துத்தான் கொண்டுபோவார்கள். இதையெல்லாம் விஞ்ஞானமாக எடுத்துச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தச் சபையில் விஞ்ஞானத்துக்குக் கதிரை போட்டிருக்கவில்லை. அதனால் நான் மனேச்சரை விட்டுவிட்டுக் குருக்கள் பக்கம் திரும்பினேன்.

“ஐயா, மயிலாருக்கு வந்தது அம்மாள் எண்டு நீங்கள்தான் முதல் கண்டு சொன்னனீங்கள். உதே வருத்தம்தான் இந்தக் கோழிக்கும் வந்திருக்கு. நான் என்ரை கண்ணாலை கண்டனான். அப்ப இதை நாங்கள் என்னெண்டு சொல்லுறது?”

குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். கோழிக்கு வந்தது அம்மாள் இல்லை என்றால் மயிலாருக்கு வந்ததும் இல்லை. பிறகு அந்த வேப்பிலை, வெள்ளை, மஞ்சள், எனக்குக் கிடைத்த வாழையிலைப் பிரசாதம் எல்லாம் என்னாவது? கண்ணைத் திறந்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் செய்த வேலை அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

“அம்மாள் வந்த வளவிலையிருந்து ஒருத்தரையும் வெளியிலை அனுப்பிறேல்லை,” என்றார் மனேச்சரிடம். “கோழியள் அங்கைதான் இருக்கவேணும். அம்மாளுக்குத் தண்ணி வார்க்குமட்டும் ஆக்களும் அங்காலை போகக்கூடாது.”

மனேச்சர் சபையைப் பார்த்தார், முன்பு அவருக்குத் தலையாட்டிய அதே ஆட்கள் இப்போது குருக்களுக்குத் தலையாட்டினார்கள். அம்மாளோடு ஆர் சண்டைக்குப் போவது? அன்றைக்குப் பின்னேரமே தவமணியின் படலையில் வேப்பிலை கட்டியாயிற்று. நான் எத்தனையோ இடங்களில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டியிருக்கிறேன், மறுநாள் அதில் ஆடு முதுகு தேய்த்துக்கொண்டு நிற்கும். அந்த வேப்பிலைக் கொத்தை ஒரு சனமும் தாண்டவில்லை. அம்மாளுக்கு வெள்ளை கட்டும் வழக்கத்தைச் சாட்டாக வைத்து, இரண்டு கூட்டையும் சுற்றி வெள்ளை நுளம்புவலையும் கட்டுவித்தேன். அடுத்த நாள் குளித்து, மச்சம் தொடாமல் போய் மயிலாரிடமும் மாதிரி எடுத்தேன். சுகமாக இருந்த கோழிகளுக்குச் செட்டையில் அம்மைத் தடுப்பூசி குத்தினேன். திருவிழாக் காலத்தில் அந்த ஊரில் ஒருவரும் முட்டை வாங்குவதில்லை என்பதால் தவமணிக்குப் பெரிய நட்டமும் வரவில்லை.

இருமிய கோழி பிழைக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கஷ்டப்படும். தெற்கிலிருந்து முடிவு வந்தது, காய்ச்சல் இல்லை என்று. மயிலாருக்குக் கண் திறந்தது. திருவிழாத் தீர்த்தம் முடிந்த பிறகு, அம்மாளுக்குத் தண்ணி வார்த்து வேப்பிலை எடுக்கிற நாளன்றைக்குப் போனேன். போய்த் திரும்பும்போது தவமணி படலைவரை கூட வந்தாள். சுற்றிவர ஒருதரம் பார்த்துவிட்டு மெல்லமாகக் கேட்டாள்.

“ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் டொக்டர். உண்மையிலை ஆரிலையிருந்து ஆருக்கு வந்தது?”

எழுத்தில் தரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுச் சொன்னேன். “மயிலாரிலையிருந்துதான் வந்திருக்கும் எண்டு நான் நினைக்கிறன்.”

அவள் வாயை முன்றானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள், மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடாமல், தோள் குலுங்கக் குலுங்க. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

“முருகன் குடுத்துவிட்டது எண்டு முதலே தெரிஞ்சிருந்தால், நான் ஏன் டொக்டர் கடகத்தாலை மூடிறன்?”